பகிடியும் பழிப்பும்

உயர்தர வகுப்பொன்றிலே இலக்கியச் சுவைகளைப் பற்றிப் பேச நேர்ந்தபோது, தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகள் எட்டையும் எடுத்துரைத்தோம். அவ்வெட்டனுள் நகையே முதற்கண் வைக்கப்பெற்றது என்றும், அந்நகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கினுள்ளும் எள்ளலே முதலாவது என்றும் கூறி மேலே செல்ல முற்பட்டோம். பின் வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "சேர், எள்ளல் எண்டால் பகிடியோ, நளினமோ, நக்கலோ?" வகுப்பு முழுவதும் சிரித்தது. "மூன்றுந்தான், இரும்" என்று சொல்லி யாமும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம்.

மாலையில் மிதிவண்டியில் வீடு திரும்பும்போது அவ்விடை பிழையென்று எமக்குத் தோன்றிற்று. அம்மூன்றும் ஒன்றல்ல. ஒன்றல்ல என்பதை அந்த மாணவன் அறிவான், அறிந்தபடியாற்றான் வினவினான். இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது எமக்கு நினைவில் வந்ததும் அவ்வினாவே. கல்லூரியை நிறுவிய பெரியார்களைப் பற்றியும், விளையாட்டுத் துறையில் நாம் ஈட்டிய வெற்றிகளைப் பற்றியும் எழுதத் தக்கார் பலர் உளர். யாம் ஒரு சில்லறை விடயத்தையே எழுதப் புகுகின்றோம். அன்று அந்த மாணவனுக்குக் கொடுக்கத் தவறிய விடையென்று அன்பர்கள் இதனைக் கொள்வார்களாக.

பகிடி யாழ்ப்பாணத்தார்க்கு உரிய சொல். பகிடி என்றால் எல்லோருஞ் சிரிக்கவேண்டும்; பகிடிக்கு ஆளானவனுஞ் சிரிக்கவேண்டும் என்பது எழுதாச் சட்டம். அவன் சிரியாவிட்டால், "பகிடிக்குத்தானே சொன்னது, இவனுக்கு அது விளங்கேல்லை" என்று குற்றம் அவன் தலையிலேயே விழும். அடித்தவனை விட்டு அடிபட்டவனைக் குறைகூறும் வசதி வேறெந்தச் சொல்லுக்கும் இவ்வளவு வாய்த்ததில்லை. நமது நாட்டிலே பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் படும் துன்பத்துக்குத் தமிழிற் பகிடிவதை என்று பெயர் வழங்குகின்றது. அதனைத் தடைசெய்ய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பகிடியும் வதையும் ஒரே தொடரில் ஒட்டி நிற்கின்றன. அவற்றை ஒட்டவைத்தவர் யாரெனினும், சொல்லின் உள்ளிருப்பதைக் கண்டவரே.

நளினம் என்பதோ நூல்களிலே தாமரை, மென்மை, ஒயில். அச்சொல் யாழ்ப்பாணத்துக்கு வந்து ஏளனமாயிற்று. "என்ன, நளினம் பண்ணுறியோ?" என்று ஒருவர் கேட்டால் அவர் தாமரையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எல்லோருக்குந் தெரியும். ஆயினும் பழைய மென்மை முற்றாகப் போய்விடவில்லை என்றே எண்ணுகின்றோம். நளினம் உரத்துப் பேசாது. மெல்லிய குரலில், பணிவான முகத்தோடு, கேட்பவனுக்குச் சற்றுப் பிந்தியே சுடுமாறு வரும். நக்கல் அதனினும் முரடு. நொட்டை சொல்லுதல் குற்றந் தேடிப் பிடித்துச் சொல்லுதல். சொட்டைக் கதை, ஒருவனைப் பெயர் சுட்டாது குத்துவது. விண்ணாணம் கதைத்தல் இல்லாத அறிவை இருப்பதாகக் காட்டுதல். விஞ்ஞானம் என்னுஞ் சொல்லே விண்ணாணமாகத் திரிந்தது என்பர். அறிவைக் குறித்த சொல் அறிவின்மையைக் குத்த வந்தமை எம்மைப் போன்ற ஆசிரியர்க்கு ஓர் எச்சரிக்கை போலும். பட்டந் தெளித்தல் என்பது ஒருவனுக்குப் பரிகாசப் பெயர் சூட்டுதல். அரசர் கொடுப்பதும் பட்டம், பல்கலைக்கழகங் கொடுப்பதும் பட்டம், மதவடியிலே குந்தியிருக்கும் இளைஞர் கொடுப்பதும் பட்டம்; நெடுங்காலம் நிலைத்து நிற்பது மூன்றாவதே. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களிலே நரைத்த தலையினர் ஒருவரையொருவர் விளிக்கும் பெயர்களைச் செவிமடுத்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் அகராதியில் ஏற்றத்தக்க சொற்கள். இகழ்ச்சியின் பெரும்பகுதி அகராதிக்கு அகப்படாத இடத்திலேயே வாழ்கின்றது. 'தமிழ் கிமிழ்' என்றும் 'பரீட்சை கிரீட்சை' என்றும் சொல்லுங்கால், பொருளற்ற அந்த இரண்டாஞ் சொல் முதற் சொல்லின் மதிப்பைத் தின்றுவிடுகின்றது. 'அவர் கவிஞர்' என்பது செய்தி; 'அவர் கவிஞராம்' என்பது தீர்ப்பு. ஓர் 'ஆம்' செய்த வேலை அது. 'பெரிய' என்பதைச் சேர்த்தால் யாரும் சிறியவராவர்: "பெரிய பண்டிதர் வந்திட்டார்." சுட்டெழுத்துக்கள் அ, இ, உ என மூன்று என்று இலக்கணம் படித்த யாவரும் அறிவர். தமிழகத்துப் பேச்சிலே மறைந்துபோன உகரச் சுட்டை யாழ்ப்பாணத்தார் இன்றுங் காத்து வருகின்றோம் என்று பெருமை பேசுவது எமது வழக்கம். அப்பெருமை தக்கதே. ஆனால் அதனை எதற்குக் காத்து வருகின்றோம் என்பதையும் பார்க்கவேண்டும். "உது" என்று முன்னாலிருப்பதைச் சுட்டுவதோடு, "உதென்ன கதை?" "உவருக்கு உது தேவையோ?" என்று புறந்தள்ளுவதற்கும் அச்சுட்டே உதவுகின்றது.

இலக்கண நூலார் இதனைக் காணாதவரல்லர். திணையும் பாலும் மயங்கக்கூடாது என்று விதித்த நன்னூலார், மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு என்னும் இவை காரணமாக மயங்குமாயின் அது வழுவன்று என்று வழிவிட்டார். அதனாலேதான் தாய் தன் மகளை 'ராசா' என்று கொஞ்சுவதும், தெருவிலே ஒருவன் மற்றொருவனை 'அது வருது' என்று சொல்வதும் இலக்கணத்தின்படி ஒரே வாயிலால் நுழைகின்றன. அன்பும் அவமதிப்பும் ஒரே சூத்திரத்துட் குடியிருப்பதை மாணவர்க்கு விளக்கும்போதெல்லாம் எமக்கு ஒருவகைக் கூச்சம் உண்டாகும்.

புலவர் செய்த எள்ளலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தமிழாசிரியன் எழுதும் கட்டுரையில் அஃதில்லாவிட்டால் நண்பர்கள் விடமாட்டார்கள். தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்கள் நெய்யணிந்து மாலைசூடிக் காவல்மனையிலே அழகாக இருப்பதையும், அதியமானுடைய வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையிலே கிடப்பதையும் சொன்ன செய்தி புறநானூற்றில் உண்டு. அவர் ஓர் இகழ்ச்சிச் சொல்லும் சொல்லவில்லை. கயமை அதிகாரத்திலே வள்ளுவர் கயவரைத் தேவரோடு ஒப்பிட்டது, இருவரும் தாம் விரும்பியதைச் செய்பவர் என்னுங் காரணத்தால். வெளிப்படையான வசையைச் செம்பொருள் அங்கதம் என்றும், மறைத்துக் கூறுவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியர் பிரித்தார். நமது ஊரில் வயாவிளான் ஆசுகவி கல்லடி வேலுப்பிள்ளை (1860–1944) இரண்டிலும் வல்லவர் எனப் பேர் பெற்றார். இவர்களிடத்து ஒன்று பொதுவாக உண்டு. ஔவையார் எள்ளியது படையுடைய அரசனை. எள்ளப்பட்டவன் எழுந்து வாளை எடுக்கவுங் கூடும். அந்த ஆபத்து இருந்தபடியாலேதான் அவ்வெள்ளல் கலையாயிற்று.

வலியவன் எளியவனை எள்ளுதற்குக் கலை வேண்டியதில்லை. ஒரு விகுதி போதும். யாழ்ப்பாணத்துப் பெயர்களே அதற்குச் சான்று. ஒரு வீட்டிற் பிறந்தவன் கந்தையா, கந்தையர் என்றாவான்; வேறொரு வீட்டிற் பிறந்தவன் எண்பது வயதிலும் கந்தன். எட்டு வயதுச் சிறுவன் அவனை 'வாடா' என்பான். அவன் அச்சிறுவனின் தகப்பனை 'நயினார்' என்பான். 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயிலையும் கிணற்றையும் தேநீர்க் கடையையும் பாடசாலையையும் பற்றிப் பேசிற்று. விகுதியைப் பற்றிப் பேச எந்தச் சட்டத்தால் இயலும்? 'ஆர்' விகுதியின் அருமை அது மறுக்கப்பட்டவனுக்கே தெரியும். ஆசிரியருக்கும் அது ஒரு சிறிது தெரியும்: எம்மைச் 'சட்டம்பியார்' என்று கும்பிட்ட ஊர், கோபம் வந்தால் 'சட்டம்பி' என்று வாலை அறுத்துவிடும், 'வாத்தி' என்பதும் அவ்வாறே. எமக்கு அறுந்த வால் மறுநாள் முளைத்துவிடும். மற்றவர்க்கு அப்படியன்று.

இவ்வளவும் எழுதியபின்னும் யாம் சொல்லவந்தது எஞ்சி நிற்கின்றது. அதனைச் சொல்லாமலே கட்டுரையை முடித்துவிடலாமா என்று இரண்டு நாள் தாளை மூடிவைத்தோம்.

2010 ஆம் ஆண்டு. அப்போது யாம் இக்கல்லூரிக்கு வரவில்லை. வேறொரு பாடசாலையிலே கற்பித்தோம். அதன் பெயர் இங்கு வேண்டா, பிழை எம்முடையது. போர் முடிந்து, முகாம்களிலிருந்து விடப்பட்டவர்கள் உறவினர் வீடுகளுக்கும் சொந்த இடங்களுக்குமாகச் சென்றுகொண்டிருந்த காலம். பத்தாந் தரத்திலே ஒரு மாணவன் புதிதாகச் சேர்ந்தான். கிளிநொச்சிப் பக்கத்தவன். அவனுடைய முன்னோர் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையை இழந்து, கலவரத்தால் இருப்பிடத்தை இழந்து, கடைசிப் போரில் மற்றவற்றையும் இழந்த குடும்பங்களுள் ஒன்று. அம்மக்களைக் குறிக்க யாழ்ப்பாணத்திலே 'தோட்டக்காட்டான்' என்றும் 'வடக்கத்தியான்' என்றும் இரண்டு சொற்கள் வழங்கின. இலங்கையின் வடக்கே இருந்துகொண்டு பிறரை வடக்கத்தியான் என்று சொன்ன எம்மவரின் விண்ணாணத்தை என்னென்பது! அவ்விரு சொற்களையும் யாம் எந்நாளும் வாயால் மொழிந்ததில்லை. வகுப்பிலே மொழிய எவரையும் விட்டதுமில்லை. அதுபற்றி எமக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அவன் வந்த முதல் வாரத்திலே ஒருநாள் பாடப் பகுதியை வாசிக்கச் செய்தோம். நன்றாக வாசித்தான். "கருத்து விளங்கிற்றா?" என்று கேட்டோம். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க சார்" என்றான்.

அவன் அறிந்த தமிழில் அதனினும் மரியாதையான விடை இல்லை. யாம் அவனைப் பார்த்து, அவனுடைய குரலிலேயே, கடைசி எழுத்தைச் சற்று நீட்டி, "ஆமாங்களா...?" என்றோம். வேறொன்றுஞ் சொல்லவில்லை. மதிய வேளை, வகுப்புச் சோர்ந்திருந்தது, ஒரு சிறு பகிடி உதவும் என்று எண்ணினோம். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அன்று பாடசாலை விடும்முன்னரே 'ஆமாங்க' என்பது அவனுடைய பெயராகிவிட்டது. பட்டந் தெளித்தவர் மாணவர் என்றே அதிபர் எண்ணினார். யாமும் இருவரைக் கண்டித்தோம். தெளித்த கை எதுவென்பது எமக்கும் அவனுக்குமே தெரியும். எள்ளல் என்பதற்குப் பேராசிரியர் உரை எழுதும்போது, தான் பிறரை எள்ளி நகுதலும் எள்ளலே, பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் எள்ளலே என்று இருவகையாக விரித்தார். அவ்வுரையை யாம் ஆசிரிய கலாசாலையிற் படித்த நாளில் இரண்டாவது வகை எமக்கு விளங்கவில்லை. எள்ளப்பட்டவன் எதற்குச் சிரிப்பான் என்று சக மாணவரோடு வாதிட்டதும் உண்டு.

அவன் விரைவாகக் கற்கும் பிள்ளை. ஒரு மாதத்துள் 'ஓம்' என்னப் பழகினான். 'சார்' போய்ச் 'சேர்' வந்தது. 'வந்தாங்க' போய் 'வந்தவை' வந்தது. முதலிலே எழுதித் தந்த கட்டுரையொன்றில் 'அப்பாயி' என்று பாட்டியைக் குறித்திருந்தான்; யாம் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட்டுப் 'பாட்டி' என்று திருத்தினோம். அடுத்த கட்டுரையிற் பாட்டியுமில்லை, அப்பாயியுமில்லை. தமிழ் நன்றாக வருகின்றது என்று முன்னேற்ற அறிக்கையிலே எழுதியவரும் யாமே.

இரண்டாந் தவணை முடிவிலே பெற்றோரை அழைத்திருந்தோம். தந்தை போரில் மறைந்துவிட்டார். தாய் தங்கையோடு புதிய கொட்டிலை விட்டு அகலமுடியாதபடியால் அப்பாயியே கிளிநொச்சியிலிருந்து பேருந்திலே வந்திருந்தாள். கையில் ஒரு பை. அதனுள் எமக்கென்று நிலக்கடலை. எம்மைக் கண்டதும் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, "கும்பிடுறேனுங்க. நம்ம புள்ள நல்லாப் படிக்கிறானுங்களா?" என்றாள்.

வாசலிலே நின்ற பையன்களிடையே ஒரு முணுமுணுப்பும் அடக்கிய சிரிப்பும் எழுந்தன. அவன் முகம் கறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மாத்திரம் கேட்குமாறு சொல்வதாக எண்ணி, "எணை ஆச்சி, பேசாமல் நில்லுங்கோ" என்றான்.

கிழவிக்கு அவன் பேசியது விளங்கியதோ இல்லையோ. தன்னை ஆச்சி என்று எவரோ அழைத்ததாக எண்ணியவள்போல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னர் எம்மைப் பார்த்தாள். யாம், "அவன் மிக நன்றாகப் படிக்கின்றான், அம்மா; இருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டோம். அவள் இருக்கவில்லை. நின்றபடியே இரண்டொரு கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பேரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். நிலக்கடலையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று யாம் செய்ததற்கு எமது மொழியிலே ஒரு பெயர் உண்டு: பழிப்புக் காட்டுதல். சிறு பிள்ளைகள் நாக்கை நீட்டி ஒருவரையொருவர் செய்வது. அதில் ஓர் இழிசொல்லேனும் இல்லை. பிறனுடைய சொல்லை அவனுக்கே திருப்பிக் கொடுப்பது மாத்திரமே. தோட்டக்காட்டான் என்று ஒருவன் சொல்லியிருந்தால் அவன் கோபித்திருப்பான். அப்பாயியிடம் போய்ச் சொல்லி அழுதிருப்பான். அவளும் அவனும் ஒரு பக்கத்தில் நின்றிருப்பார்கள். யாம் அவனுடைய மரியாதையை எடுத்துச் சிரிப்பாக்கினோம். அதன் பின் அம்மரியாதையோடு வந்தவள் அவனுக்கு மறுபக்கமாகிவிட்டாள்.

அவனை அழைத்துப் பேசியிருக்கலாமே என்று அன்பர்கள் கேட்பார்கள். பேசவில்லை. முதலில் வெட்கம் தடுத்தது. பின்னர் பரீட்சை வந்தது. அதன் பின் அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். தமிழில் அவன் பெற்றது அதிவிசேட சித்தி.

2024 ஆம் ஆண்டு வவுனியாப் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது ஒருவர் ஓடிவந்து எமது பையை வாங்கினார். மீசை வைத்திருந்தார், ஆயினுங் கண்கள் அவையே. நாலு வயது மகளைக் கையிற் பிடித்திருந்தார். ஒரு நிறுவனத்திற் கணக்காளராக இருப்பதாகவும், அப்பாயி மூன்று ஆண்டுகளுக்குமுன் இறந்துவிட்டாள் என்றும், பிள்ளையைப் பகலெல்லாம் தம் தாயாரே பார்ப்பதாகவும் சொன்னார். யாழ்ப்பாணத்துப் பேச்சு எம்மினும் சுத்தமாக வந்தது. அவரை இனி 'அவன்' என்று எழுதுவது முறையன்று. ஆயினும் அப்போது எம் கண்முன் நின்றவன் பத்தாந் தரத்து மாணவனே.

பிள்ளையிடங் குனிந்து, "பள்ளிக்குப் போறனீங்களோ, பிள்ளை?" என்று கேட்டோம்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "ஆமாங்க" என்றாள்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ, பிள்ளை" என்று அவன் சட்டெனச் சொன்னான். சொல்லிவிட்டு எம்மைப் பார்த்தான்.

"வேண்டாம். அவ சொன்னதுதான் நல்ல தமிழ். என்ரை பிழை அது" என்றோம். பேச்சு வழக்கிலே சொன்னதாற் குரல் நடுங்கிற்றோ, வயதாலோ தெரியவில்லை.

அவன் சிரித்தான். அச்சிரிப்பை யாம் முன்னரும் ஒருமுறை கண்டிருக்கின்றோம். பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, எதைச் சொல்வதென்று அறியாமல் வாய்மூடி நின்றாள். கிளிநொச்சிப் பேருந்து வந்தது. அவளைத் தூக்கித் தோளிற் சாய்த்துக்கொண்டு, "வாறன் சேர்" என்று சொல்லி ஏறினான்.